பின்வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்

கேள்வி: ராய் ஆண்டர்சன் என்ற சுவீடிஷ் இயக்குநரின் 'சாங்ஸ் ஃப்ரம் தி செகண்ட் ஃப்ளோர்' பார்த்தேன். கேமரா அசையவே இல்லை. எல்லோரும் வெளிறிப்போய் நிற்கிறார்கள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. பாதியில் தூக்கமே வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வாரமாக அந்தப் படம் மனதைவிட்டுப் போகவில்லை. இதை எப்படித்தான் பார்ப்பது?

பதில்: ஒரு வாரமாக மனதில் நிற்கிறதென்றால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி உங்கள் கண்ணைப் பழக்க வேண்டியதுதான் பாக்கி. 2000-ல் வந்த இந்தப் படம் 98 நிமிடம் ஓடுகிறது. மொத்தமே 46 ஷாட்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு ஷாட்டுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். நாம் வழக்கமாகப் பார்க்கும் இரண்டரை மணி நேரப் படத்தில் ஷாட்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். அங்கே எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை எடிட்டர் முடிவுசெய்து தருகிறார். இங்கே அந்த வேலை முழுக்க நம் தலையில் விழுகிறது. அதைச் செய்யாமல், அடுத்த வெட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே தூக்கம் வரும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டு வேலை பார்த்த லாஸ்ஸே என்ற ஊழியரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். நீளமான அலுவலகத் தாழ்வாரம். அவர் மேலதிகாரியின் காலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார். அதிகாரி நடக்க நடக்க, தரையோடு இழுபட்டுப் போகிறார். முதல் முறை பார்க்கும்போது கண் இந்த இருவர் மேலேயே இருக்கும். இரண்டாம் முறை தாழ்வாரத்தின் இருபுறமும் உள்ள கதவுகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் திறந்திருக்கிறது. இடுக்கு வழியே உடன் வேலை செய்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. காட்சி லாஸ்ஸேயைப் பற்றியது என்று நினைத்தோம். உண்மையில் அது அந்தக் கதவுகளைப் பற்றியது.

இதைப் பிடித்துக்கொண்டால் படம் முழுவதும் திறந்துகொள்ளும். ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் முன்னே ஒருவர் வதைபடுகிறார், பின்னே சிலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரைத் தேடி வந்த வெளிநாட்டுக்காரரைத் தெருவில் போட்டு அடிக்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். மேடையில் மந்திரவாதி ஒரு ஆளைப் பெட்டிக்குள் வைத்து அறுக்கிறார். ரம்பம் உண்மையாகவே வயிற்றில் இறங்கிவிடுகிறது. படத்தின் மையப் பாத்திரமான கல்லே, காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மரச்சாமான் கடைக்குத் தானே தீ வைத்தவர். எரிந்த கடைக்குள் நின்று அவர் காப்பீட்டுக்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே கோட்டு சூட்டு போட்டவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர்வலமாகப் போகிறார்கள். வசனத்தைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த ஊர்வலம் பாதிதான் கண்ணில் படும். சப்டைட்டில் ஃப்ரேமின் அடியில் இருக்கிறது, ஆண்டர்சன் வைத்த விஷயமோ பெரும்பாலும் ஃப்ரேமின் நடுவிலும் மேற்பாதியிலும் இருக்கிறது. இந்தப் படத்தை நம்மில் பலர் தவறவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆகவே ஒவ்வொரு ஷாட்டையும் மூன்று சுற்றாகப் பாருங்கள். ஷாட் தொடங்கியதும் பதினைந்து, இருபது நொடி யார் பேசுகிறார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல் அறையை அளந்துவிடுங்கள்: கதவு எத்தனை, ஜன்னல் எத்தனை, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது. பிறகு பேச்சுக்கு வாருங்கள். பேச்சு மிகக் குறைவு, மெதுவாகவும் வரும், அதனால் எதுவும் தப்பிப் போகாது. மூன்றாவது சுற்றில், சும்மா நிற்கிறவர்களிடம் போங்கள். பேசாதவர், திரும்பாதவர், கையில் கோப்பையோடு அப்படியே உறைந்தவர் என்று ஒருவராவது இருப்பார். அவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: புரியாத ஷாட்டை இரண்டு முறை ஓட்டலாம், இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிடலாம். நாலைந்து ஷாட்களுக்கு இப்படிச் செய்தால் போதும், பிறகு கண் தானாகவே பின்வரிசைக்குப் போகும்.

பின்வரிசை அவ்வளவு தெளிவாகத் தெரிவது தற்செயல் இல்லை. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிமில் 24 மி.மீ. அகல லென்ஸை வைத்து, துவாரத்தை எஃப் 2.8 அளவில் திறந்துவிட்டால், ஃபோகஸை எவ்வளவு சாதகமாக வைத்தாலும் கேமராவிலிருந்து சுமார் நாலு மீட்டருக்கு அப்பால் உள்ளதுதான் கூர்மையாக இருக்கும். அதே லென்ஸை எஃப் 8-க்குச் சுருக்கினால் ஒன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் கூர்மை. ஆனால் 2.8-லிருந்து 8-க்குப் போக எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதிலும் ஆண்டர்சன் நேரடி விளக்கொளியைத் தவிர்த்து, எங்கும் நிழல் விழாதபடி பரப்பிய மென்மையான ஒளியைத்தான் வைக்கிறார். ஒளியைப் பரப்பினால் அதில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும், ஆகவே இன்னும் கூடுதல் விளக்குகள் தேவைப்படும். இதையெல்லாம் உண்மையான தெருவிலோ வீட்டிலோ செய்வது மிகக் கடினம். அதனால்தான் வெளிப்புறம் போலத் தெரியும் பல இடங்களைக்கூட அவர் ஸ்டாக்ஹோமில் 1981-ல் தொடங்கிய தன் ஸ்டுடியோ 24-க்குள்ளேயே செட்டாகக் கட்டினார். தூரத்துக் கட்டடங்களைச் சிறிதாகச் செய்தும், பின்னணியைத் தீட்டியும், பத்துப் பதினைந்து மீட்டர் தளத்தில் ஒரு முழுத் தெருவின் ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டிவிட முடியும். மேடை நாடகத்துக்குத் திரை தீட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். கேமரா இம்மி நகர்ந்தாலும் மாயம் கலைந்துவிடும் என்பதால், அசையாத கேமராவும் இந்த செட்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. படம் முழுவதிலும் கேமரா ஒரே ஒரு முறைதான் நகர்கிறது, ரயில் நிலையத்தில்.

அந்த ஒளிக்கு அவர் தருகிற விளக்கம் முக்கியமானது. இது இரக்கமில்லாத ஒளி, இதில் ஒளிந்துகொள்ள யாருக்கும் நிழல் கிடையாது என்பார். முகங்களுக்கு வெள்ளைப் பூச்சு பூசுவதும் அதோடு சேர்ந்ததுதான். சுவர், கோட்டு, நாற்காலி என எல்லாம் சாம்பலும் வெளிறிய பச்சையும் மங்கிய பழுப்பும். இந்த நிறம் செட்டின் வண்ணப்பூச்சிலும் துணியிலும் தேர்ந்தெடுத்து வந்தது. 1920-களின் ஜெர்மன் ஓவியர்கள், முக்கியமாக ஓட்டோ டிக்ஸ், முதல் உலகப் போருக்குப் பிறகு மனிதர்களை வரைந்த விதத்தை அவர் தன் முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு முந்தைய நூற்றாண்டுகளின் ஓவியர்களான ப்ரூகலும் கோயாவும்கூட அவருடைய முன்மாதிரிகளில் உண்டு. டிக்ஸின் ஓவியம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்: முன்னே இருப்பவரும் பின்னே இருப்பவரும் ஒரே கூர்மையில், ஒரே கடுமையில் தெரிவார்கள். யாருக்கும் சலுகை இல்லை.

சுவீடிஷ் சினிமா என்றதும் நமக்கு இங்மர் பெர்க்மன்தான் நினைவுக்கு வருவார். பெர்க்மனுக்கு முகம்தான் உலகம்; திரை நிறைய முகத்தை வைத்து, ஆன்மாவுக்குள் போக முயல்வார். ஆண்டர்சன் நேர் எதிர்த்திசையில் போகிறவர். ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள அவன் முகத்தைவிட, அவன் நிற்கிற அறை அதிகம் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால்தான் க்ளோசப்பே இல்லை. பெர்க்மனை எதிர்பார்த்து இவரிடம் வந்தால், 'யாருடைய மனசும் தெரியவில்லையே' என்ற ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அவர் இந்த இடத்துக்கு வந்த வழி நீளமானது. 1970-ல் வந்த முதல் படம் இளம் காதலர்களைப் பற்றிய, கொண்டாடப்பட்ட படம். 1975-ல் வந்த 'கிலியாப்' செலவும் காலமும் எகிறித் தோற்றது. அடுத்த முழுநீளப் படம் நாம் பேசுகிற இதுதான். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அவர் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்கள் எடுத்தார். அசையாத கேமரா, ஒரே ஷாட், வெளிறிய மனிதர்கள் எல்லாம் அங்கே முப்பது நொடி அளவில் பழகியவை. அந்தப் பணத்தில் ஸ்டுடியோவையும் ஆட்களையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டதால்தான் 1996-லிருந்து 2000 வரை நாலு ஆண்டு, தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களையே பெரிதும் வைத்து இந்தப் படத்தை எடுக்க முடிந்தது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது.

இனி, இந்தப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு வருகிறேன். 1991-ல் ஆண்டர்சன் 'வேர்ல்ட் ஆஃப் குளோரி' என்று கால் மணி நேரக் குறும்படம் ஒன்று எடுத்தார். முதல் ஷாட்டில் ஒரு வெட்டவெளி. நிர்வாணமாக்கப்பட்ட மனிதர்களை, ஒரு சிறுமி உட்பட, ஒரு லாரிக்குள் ஏற்றிக் கதவை அடைக்கிறார்கள். புகைக்குழாயை லாரிக்குள் இணைத்து, வண்டியை வட்டமாக ஓட்டுகிறார்கள். நல்ல உடை உடுத்திய ஒரு கூட்டம் நின்று பார்க்கிறது. அதில் ஒருவர் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்கிறார். அடுத்த ஷாட்களில் அதே மனிதர் தன் வீடு, தன் அம்மா, தன் கார் என்று நமக்கு ஒவ்வொன்றாக அறிமுகம் செய்துவைக்கிறார். அவ்வளவுதான் படம். ஆண்டர்சனை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. நெஞ்சைப் பிசையும், தயாராக இருங்கள்.

இரண்டாம் உலகப் போரில் சுவீடன் நடுநிலை நாடு. ஆனால் 1940 முதல் 1943 வரை ஜெர்மன் படைவீரர்கள் நார்வேக்கும் அங்கிருந்தும் சுவீடனின் ரயில்களில்தான் போய் வந்தார்கள். இரும்புத் தாதுவும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. கை கட்டிப் பார்த்திருந்தோம் என்ற இந்த உறுத்தல் ஆண்டர்சனின் எல்லாப் படத்திலும் அடிநாதமாக ஓடுகிறது. நம் படத்தில் நூறு வயதான படைத்தளபதி ஒருவர் வருகிறார். குழந்தைத் தொட்டில்போலக் கம்பி வைத்த கட்டிலில் கிடக்கிறார். அதிகாரிகள் வரிசையாக வந்து வாழ்த்துரை வாசிக்கிறார்கள். கிழவர் கையை நீட்டி நாஜி வணக்கம் வைத்து, ஹிட்லரின் நெருங்கிய கூட்டாளியான கோரிங்கை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறார். வந்தவர்கள் சங்கடத்தோடு நிற்கிறார்கள், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஹெர்மன் கோரிங்கின் முதல் மனைவி சுவீடன்காரர். கோரிங்கே 1920-களில் சுவீடனில் வாழ்ந்தவர், 1925-ல் ஸ்டாக்ஹோமின் லோங்ப்ரூ மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டவர். சுவீடிஷ் பார்வையாளருக்கு அந்தப் பெயர் தூரத்து வரலாறாக ஒலிக்காது.

காட்சிகளுக்குள் தொடர்பே இல்லை என்றீர்கள். தொடர்பு இருக்கிறது, ஆனால் அது கதையில் இல்லை, ஒரு கவிதையில் இருக்கிறது. பெரு நாட்டுக் கவிஞர் செசார் வயெகோ 1938-ல் பாரிஸில் இறந்தவர். 'இரு நட்சத்திரங்களுக்கு இடையே ஒரு தடுமாற்றம்' என்ற கவிதையில், சாதாரண மனிதர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, இவர் நேசிக்கப்படுவாராக, இவர் நேசிக்கப்படுவாராக என்று அடுக்கிக்கொண்டே போவார். இயேசுவின் மலைப் பிரசங்கத்தில் வரும் 'பாக்கியவான்கள்' என்ற அடுக்கைக் கேட்டிருக்கிறவர்களுக்கு அந்த ஓசை உடனே பிடிபடும். உட்காருகிறவர் நேசிக்கப்படுவாராக என்ற அடி படத்தின் வாசகமாகவே வருகிறது. மனநல மருத்துவமனையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கல்லேயின் மகன் தோமஸ் கவிதை எழுதியவன். அவனுக்குப் பக்கத்தில் நின்று சகோதரன் ஸ்டெஃபான் இந்த வரிகளைத்தான் சொல்கிறான். கவிதை எழுதித்தான் மகனுக்குப் பித்துப் பிடித்தது என்று கத்துகிற அப்பாவுக்கு அந்த வரிகள் காதில் ஏறவில்லை.

கவிதையின் பட்டியலில் கதவிடுக்கில் விரலைக் கொடுத்துவிட்டவர் ஒருவர் இருக்கிறார். படத்தில், ரயில் கதவில் விரல் மாட்டி நிலையத்தில் துடிப்பவரை நினைத்துப் பாருங்கள். தீ விபத்தில் தன் நிழலைத் தொலைத்தவர் என்று இன்னொருவர் வருகிறார். கடையை எரித்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு, கையில் ஒரு பையோடு சுரங்க ரயிலில் நிற்கும் கல்லே அவர்தான். நிழலே விழாத ஒளியில் இந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். அந்த ரயில் பெட்டியில் பயணிகள் எல்லோரும் சட்டென்று சேர்ந்திசையாகப் பாடத் தொடங்குகிறார்கள். கல்லே மட்டும் பாடவில்லை. 46 ஷாட்களில் உதவாமல் நிற்கும் கூட்டம் ஓரிடத்தில் ஒருவனுக்காகக் குரல் எழுப்புகிறது என்றால் அது இந்தக் காட்சி. படத்தின் பெயரில் உள்ள பாடல்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

1990-களின் சுவீடனை அறிந்தால் மற்றவை தெளியும். அரசு எல்லோரையும் குடும்பம்போல் தாங்கும் என்ற 'மக்கள் இல்லம்' என்ற நம்பிக்கையில் வளர்ந்த நாடு அது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வங்கிகள் ஆட்டம் கண்டன, வேலையின்மை எகிறியது. 1992 செப்டம்பரில் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி ஒரு வட்டி விகிதத்தை 500 சதவீதமாக ஏற்றியது. பொருளாதார வல்லுநர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு படிக உருண்டையைக் கைமாற்றி எதிர்காலம் பார்க்கும் காட்சியும், எதிர்வீடு நகர்கிறது என்று ஒருவர் சொன்னதும் கதவை நோக்கி விழுந்தடித்து ஓடுவதும் அந்த நாட்களில் வேர்விட்டவை. கடைசியில் நிபுணர்களுக்கும் மதகுருமாருக்கும் வேறு வழி தோன்றாமல், ஒரு சிறுமியின் கண்ணைக் கட்டி, பாறை விளிம்பிலிருந்து தள்ளிப் பலி கொடுக்கிறார்கள். அங்கும் கூட்டம் வரிசை கலையாமல் நிற்கிறது. விமான நிலையத்தில் மலைபோலக் குவித்த பெட்டிகளோடு தள்ளுவண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளுபவர்கள், ஊரைவிட்டுத் தப்பப் பார்க்கிறவர்கள். எதை விட்டுப் போகிறார்களோ அதையே சுமந்துகொண்டு போகிறார்கள்.

திரையைப் பற்றிச் சில வார்த்தை. கைபேசியில் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்வரிசை மனிதர்கள் அரிசி மணி அளவுக்குக் குறுகிவிடுவார்கள், பிறகு பார்க்க என்ன இருக்கிறது? டிவியில் இருபுறமும் மெல்லிய கருப்புப் பட்டை வந்தால் அது சரியான அளவு. 'ஃபுல் ஸ்க்ரீன்', 'ஜூம்' என்று இழுத்தால் மேலும் கீழும் வெட்டுப்படும். 'விவிட்' நிறத்தை மாற்றி 'சினிமா' அல்லது 'மூவி' என்ற அமைப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் வெளிறிய பச்சைச் சுவர் பளிச்சென்று மாறி, முகங்களுக்கு ஆரோக்கியம் வந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இந்தப் படம் தொடங்கிவைத்த முத்தொகுப்பின் மற்ற இரண்டையும், அதாவது 2007-ன் 'யூ, தி லிவிங்', 2014-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய பரிசான தங்கச் சிங்கம் வென்ற 'எ பிஜன் சாட் ஆன் எ பிராஞ்ச்' என்று தொடங்கும் நீண்ட பெயர் கொண்ட படம், ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க வேண்டாம். மூன்றாவதற்கு வரும்போது கண் களைத்துப்போய், எல்லாம் ஒரே அறைபோலத் தோன்றும்.

இப்படி ஒரு ஷாட்டைத் தாங்களே கைபேசியில் படமெடுத்துப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எடுத்துப் பார்த்தால்தான் ஆண்டர்சனின் உழைப்பு புரியும். கைபேசியின் சிறிய சென்சாரில் எல்லாம் தானாகவே கூர்மையாக விழும், அது வரவு. ஆனால் அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபடும், ஆகவே இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு ஆட்களை நிறுத்துங்கள். சுவருக்கு நேர் எதிரே கேமராவை வைத்தால் படம் தட்டையாகிவிடும்; அறையின் மூலையில் வைத்து எதிர்மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆழம் கிடைக்கும். பின்னறை முன்னறையைவிட இருட்டாக இருந்தால் பின்வரிசை செத்துப்போகும், அங்கேதான் முதலில் விளக்கு போட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பின்னால் நிற்பவர்களிடம் 'சும்மா நில்லுங்கள்' என்று சொல்வது. சும்மா நிற்பவர் உடனே கேமராவை நினைக்கத் தொடங்கிவிடுவார். ஒருவருக்குக் கோட்டுப் பொத்தான், ஒருவருக்கு ஆறிப்போன காபி, ஒருவருக்கு வராத பேருந்து என்று தனித்தனியாக ஒரு காரியம் கொடுத்தால்தான் அவர்கள் உண்மையாகவே எதுவும் செய்யாமல் நிற்பார்கள்.

அடுத்த முறை பார்க்கும்போது கடைசி ஷாட்டுக்குத் தெம்பை மிச்சம் வையுங்கள். கிறிஸ்து பிறந்து 2000 ஆண்டு ஆனதை வைத்து விற்கலாம் என்று வாங்கிய சிலுவைகள் விலைபோகவில்லை. நகருக்கு வெளியே வெட்டவெளியில், குப்பைமேட்டில் அவற்றைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கல்லே தனியாக நிற்கிறார். கல்லேக்குக் கொடுத்த கடனைத் திரும்ப வாங்காமலே தற்கொலை செய்துகொண்டதால், தப்பித்தோம் என்று கல்லே நினைத்த ஸ்வென், போரில் தூக்கிலிடப்பட்டு இன்னும் கழுத்தில் கயிறோடு சகோதரியைத் தேடும் ரஷ்யப் பையன், இவர்கள் தூரத்திலிருந்து அவரை நோக்கி வருகிறார்கள். கல்லே கத்துகிறார், விரட்டப் பார்க்கிறார். அந்த நேரத்தில் நீங்கள் கல்லேயைப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால் அகன்று கிடக்கும் வயலைப் பாருங்கள். இவ்வளவு நேரமும் வெறும் மண் என்று நாம் நினைத்திருந்த இடத்திலிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். பிறகு நடக்கத் தொடங்குகிறார்கள்.